சைவக்காரரின் துப்பாக்கி

ஏரம்பமூர்த்தி முட்டைகூடத் தொடாத மனிதர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பார் என்று கெர்பாவ் ரோட்டில் அவரைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன, ஒன்றைத்தான் ஒப்படைத்தார், இன்னொன்றை ஒளித்துவைத்திருக்கிறார் என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் மாற்றி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

போலீஸ் அலுவலகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவின் கிராணி, அதாவது எழுத்தர், விஸ்வலிங்கம். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே மேசை, அதே நாற்காலி. மேலே உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் மாறிவிட்டார். புது அதிகாரி குரோகி பொல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு நேராகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பதிவேடுகளிலிருந்து தட்டச்சு செய்த நீளமான பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்படைத்த துப்பாக்கிகளுக்கு ஒவ்வொன்றாகச் சிவப்புப் பென்சிலால் சரி போட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் அந்த வேலைதான். கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சம் நின்றது.

"ஏரம்பமூர்த்தி. இரண்டு நம்பர். 26390 வந்துவிட்டது. 417 எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது ஐயா. விசாரிக்கிறேன்."

"சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் அவன் என் லாக்கப்பில் இருப்பான். அதற்குப் பிறகு கெம்பெய்த்தாய் வந்து அழைத்துப் போவார்கள்."

கெம்பெய்த்தாய் ஜப்பான் ராணுவத்தின் போலீஸ். அங்கே போனவர்களில் நடந்து திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

விஸ்வலிங்கத்துக்கு ஏரம்பமூர்த்தியோடு நெருங்கிய பழக்கம் என்று ஒன்றும் இல்லை. இருவரும் யாழ்ப்பாணத்தார், அவ்வளவுதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரி மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க அவர் வருவார். இரட்டைக் குழல் துப்பாக்கியை வெள்ளை வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவார். "வேட்டைக்குப் போனனீங்களோ?" என்று கேட்டால், "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொள்வார். எறும்பை மிதிக்கப் பயப்படுகிறவர் எதற்காக இலங்கையிலிருந்து இந்தத் துப்பாக்கியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்? விஸ்வலிங்கம் ஒவ்வொரு ஜனவரியும் யோசிப்பார். பிறகு வேட்டியை ஒதுக்கிக் குழல் நம்பரை மட்டும் பார்த்து, கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்.

புதன்கிழமை லாக்கப் பக்கமாக ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கைதியோடு பேசக் கூடாது என்று காவலாள் கையசைத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஏரம்பமூர்த்தி தலை நிமிர்ந்தார். ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்று.

அதைப் பார்த்த பிறகு விஸ்வலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் கெர்பாவ் ரோட்டுக்குப் போனார். ஏரம்பமூர்த்தியின் மனைவி பூரணம் கதவைத் திறந்தாள்.

"வாங்கோ அண்ணை. அவர் சாப்பிட்டவரோ?"

"தெரியேல்லை தங்கச்சி. ஆளைக் கண்டனான். நல்லா இருக்கிறார்."

"வீட்டைக் கிண்டிப் போட்டாங்கள். அரிசிப் பானைக்குள்ளயும் கை விட்டுப் பாத்தாங்கள். அரிசி கிடந்தாத்தானே அதுக்குள்ள துவக்கை ஒளிக்க!" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாழ்ப்பாணத்தார் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. ரெண்டாவது துவக்கு எங்க?"

"ரெண்டாவதோ? ஒண்டே எனக்குப் பெரிய வில்லங்கம்! கலியாணம் முடிச்சு வந்த அண்டைக்குக் கட்டிலுக்குக் கீழ கூட்டப் போனா, துவக்கு. கள்ளன் வீட்டையோ வந்திட்டன் எண்டு பயந்து போனன். எட்டு வருசமா நான் கண்டது அந்த ஒண்டைத்தான்."

"என்னத்துக்கு வச்சிருந்தவர்?"

"கேட்டா, 'அது ஒரு சட்டச் சிக்கல், உமக்கு விளங்காது' எண்டுவார். ஒரு காகத்துக்குக்கூடச் சுட்டதில்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமையில எண்ணெய் பூசித் துடைப்பார். திரும்பச் சுத்தி வைப்பார்."

"இலங்கையில எடுத்த லைசென்ஸ் கடதாசி கிடக்கோ? அதில எல்லா விபரமும் இருக்கும்."

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். "எரிச்சுப் போட்டன். வெள்ளைக்கார ராசாவின்ர முடி போட்ட முத்திரை உள்ள கடதாசி வீட்டில கிடந்தா வெட்டுவாங்கள் எண்டு எல்லாரும் எரிச்சவை. நானும் அடுப்பில போட்டன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. ஜப்பான்காரன் நுழைந்த அந்த வாரம் ஊரே அதைத்தான் செய்தது. விஸ்வலிங்கம் எழுந்து வாசல்வரைக்கும் வந்துவிட்டார். பிறகு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"417 எண்டு ஒரு நம்பர் கேள்விப்பட்டிருக்கிறியோ?"

"அது பிடியில கிடந்த நம்பர் எல்லோ! மரத்தில சூடு போட்டமாதிரிக் கிடக்கும். யாழ்ப்பாணக் கச்சேரியில போட்டது எண்டு சொன்னவர்."

கச்சேரி என்றால் அங்கே அரசாங்க அலுவலகம். யாழ்ப்பாணம், சூடு போட்ட எழுத்து, 417. எங்கேயோ பார்த்த ஞாபகம். விஸ்வலிங்கம் உடனே சைக்கிளில் ஏறினார்.

அலுவலகத்தின் பின் அறையில் பழைய பதிவேடுகள் கறையான் அரித்துக் கிடந்தன. வேறு தேசத்திலிருந்து துப்பாக்கியோடு குடிவருகிறவர்களுக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த முறை இது: கப்பலை விட்டு இறங்கியதும் துறைமுகத்திலேயே துப்பாக்கியைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கே ஒரு பதிவு. பத்துப் பதினைந்து நாளில் அனுமதி கிடைத்ததும் அலுவலகத்தில் லைசென்ஸ் எழுதுவார்கள். அங்கே இன்னொரு பதிவு. இரண்டிலும் குழலில் கம்பெனிக்காரன் வெட்டியிருக்கும் நம்பரைத்தான் எழுத வேண்டும்.

ஏரம்பமூர்த்தி துப்பாக்கியோடு வந்து இறங்கிய 1934ஆம் வருஷத்துத் துறைமுகப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். 'ஏரம்பமூர்த்தி. இரட்டைக் குழல் ஒன்று. நம்பர் 417.' எழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கையெழுத்து.

எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் துறைமுக மேசையில் அவரைத்தான் போட்டிருந்தார்கள். ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம். யானை விலைக் கம்பெனித் துப்பாக்கிகளாக வந்து குவிகிற அந்த மேசையில், ஒன்றின் பிடியில் மட்டும் 'யாழ்ப்பாணம்' என்று சூடு போட்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு தடவை தடவினார். அந்தச் சந்தோஷத்தில் குழலைப் பார்க்க மறந்து அந்த நம்பரையே எழுதிவிட்டார். பதினைந்து நாள் கழித்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் குழலைப் பார்த்து 26390 என்று லைசென்ஸ் எழுதினார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து யாரும் ஒப்பிடவில்லை. குரோகியின் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக ஏறிவிட்டன. சீனக் கிராணியோ மலாய்க் கிராணியோ அந்த மேசையில் இருந்திருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது. பிடியில் இருந்த எழுத்து அவர்களுக்கு வெறும் கீறல்.

ஆக, துப்பாக்கி ஒன்று. நம்பர் இரண்டு. தன் பிழைக்கு இன்னொருவர் கம்பி எண்ணுகிறார்.

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் என்ன? குரோகி வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. கண்ணால் பார்த்தால்தான் சிவப்புப் பென்சில் நகரும். கண்ணால் காட்ட அந்தத் துப்பாக்கி வேண்டும். விநியோகப் புத்தகத்தைப் புரட்டினார். 26390, ஜூரோங்கில் ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி விரட்டக் கொடுக்கப்பட்டிருந்தது. பொறுப்பாளர் பெயர் ஒலி முகம்மது.

ஜூரோங் போக அனுமதிச் சீட்டு வாங்கவே வியாழக்கிழமை கழிந்தது. வெள்ளிக்கிழமை சைக்கிளை மிதித்தார். டயர் கிடைக்காத காலம். ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டியிருந்ததால் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் இடித்தது. புக்கிட் பாத்தோக்கில் காவல் சாவடியைக் கண்டதும் இறங்கி, இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டார். மூன்று இடத்தில் இப்படி. தோட்டத்தை அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

ஒலி முகம்மது ஜும்ஆ தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணி இல்லாமல் போனதும் இங்கே வந்துவிட்டார்.

"வாங்க கிராணியாரே! துப்பாக்கிக்கு லைசென்ஸ் பாக்கவா இவ்ளோ தூரம்? எடுத்துட்டுப் போயிடுங்க லா, புண்ணியமாப் போவும். இந்தப் பன்னிங்களைச் சுட்டாலும் நமக்குத் திங்க முடியாது. சுடாட்டி நாம திங்க ஒண்ணுமே இருக்காது. என்னா பொழப்பு சொல்லுங்க!"

துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினார். விஸ்வலிங்கம் பார்த்தார். குழல் அதேதான், 26390. ஆனால் பிடி? அந்த இடத்தில் ஒரு ரப்பர் மரக்கட்டையை வைத்துக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தது.

"பழைய பிடி எங்கே பாய்?" என்று கேட்டார் விஸ்வலிங்கம்.

"அத ஏன் கேக்குறீங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி பன்னியில ஒரு தடியன் வந்தான். ரெண்டு தோட்டாவும் தீந்து போச்சு. அவன் நேரா என் மேல பாயிறான். நான் என்னா செய்வேன்? துப்பாக்கியைத் திருப்பிப் புடிச்சி மண்டையிலயே ஒரு போடு! பன்னிக்கு ஒண்ணும் ஆவல. கட்டைதான் ரெண்டாப் போச்சு."

விஸ்வலிங்கம் மண்மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஒலி முகம்மதின் முகமும் சுருங்கியது.

விறகுக்கு ஊரே ஆலாய்ப் பறந்த காலம் அது. உடைந்த நாற்காலி, ஜன்னல் சட்டம், ஒன்றையும் விட்டுவைக்காமல் அடுப்பில் போட்டார்கள். எண்ணெய் ஊறிய கட்டை நான்கு மாதம் மிஞ்சுமா?

"எரிச்சிருப்பீங்க, இல்லையா?"

"நான் எரிக்கத்தான் போனேன்..." என்று ஒலி முகம்மது குடிசைப் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவி மைமூனின் குரல் வந்தது.

"அந்தக் கதையவும் சொல்லுங்க! பன்னி மேல பட்ட கட்டையை என் அடுப்புல வைக்க வந்தாரு கிராணியாரே இந்த மனுசன். அதுல சோறு பொங்கி நான் திங்கணுமாம்!"

"சோறு எங்கடி இருக்கு? கெழங்குதானே."

"கெழங்கா இருந்தா மட்டும்? வாசப்படி ஏறாதீங்கன்னுட்டேன். குளிச்சிட்டு வந்தப்புறம்தான் தண்ணியே குடுத்தேன்."

விஸ்வலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப அந்தக் கட்டை?"

"எல்லைக்கு அந்தாண்ட கொண்டு போடுங்கன்னேன். வேலியில சொருகி வச்சாரு. வேற எந்தக் கட்டையா இருந்தாலும் என்னைக்கோ சாம்பலாயிருக்கும். இத யாரு தொடுவா?"

மூவரும் தோட்டத்துக் கடைசிக்கு ஓடினார்கள். வேலியில் ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டு அது தலைகீழாக நின்றது. மழையில் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. விஸ்வலிங்கம் பிடுங்கி வேட்டித் தலைப்பால் துடைத்தார். பாசிக்கு அடியிலிருந்து எழுத்து எழும்பி வந்தது. யாழ்ப்பாணம். 417.

அன்றைக்குப் போலவே விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இரவை அங்கேயே கழித்து, மறுநாள் விடிந்ததும் விஸ்வலிங்கமும் ஒலி முகம்மதும் கிளம்பினார்கள். ஜப்பான்காரர்கள் கடிகாரங்களையும் மாற்றியிருந்ததால், மதியம் பன்னிரண்டு என்றால் டோக்கியோ நேரத்தில் பன்னிரண்டு. பழைய நேரத்துக்குப் பத்தரைதான். துப்பாக்கி ஒலி முகம்மதின் பேரில் இருந்ததால் அவர்தான் தூக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வெறும் கட்டை? பிடி மட்டும் துப்பாக்கி ஆகுமா, ஆகாதா? அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா? இருபது வருஷம் அந்தச் சட்டத்தோடு குப்பை கொட்டியவருக்கு விடை தெரியவில்லை.

"சட்டம் கெடக்கட்டும். நான் அத தொட மாட்டேன். நீங்களே தூக்குங்க" என்றார் ஒலி முகம்மது.

விஸ்வலிங்கமும் மீன் மாமிசம் தொடாதவர்தான். நான்கு மாத மழை கழுவியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார்.

வழியில், தன் சைக்கிளில் கூடவே வந்த ஒலி முகம்மது கேட்டார். "யாரு எழுதுனான்னு அந்த ஜப்பான்காரன் கேப்பான். என்னா சொல்லப் போறீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

"அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இப்ப எங்க?"

"சாங்கி ஜெயில்ல."

"அவன் தலையில போட்டுருங்க. ஏற்கெனவே உள்ளாற இருக்குறவனுக்கு இன்னும் என்னா வந்துரப் போவுது?"

விஸ்வலிங்கம் வேகமாக மிதித்தார். அந்த யோசனை அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

அலுவலகக் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. வாசலில் கெம்பெய்த்தாயின் லாரி வந்து நின்றுவிட்டது. குரோகி மேசையில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். விஸ்வலிங்கம் துப்பாக்கியையும் சாக்கையும் அதன்மேல் வைத்தார். குழல் நம்பரைக் காட்டினார். கட்டை நம்பரைக் காட்டினார்.

"இது வேறு துப்பாக்கியின் பிடியாக இருக்கலாம்" என்றார் குரோகி.

"கம்பியை அவிழ்த்துப் பாருங்கள் ஐயா."

குரோகி தானே அவிழ்த்தார். ரப்பர் கட்டை கழன்று விழுந்தது. குழலுக்குக் கீழே பழைய மரத்தின் கழுத்து, பல் பல்லாக உடைந்தபடி மிச்சமிருந்தது. சாக்கிலிருந்த கட்டையை எடுத்து அதில் பொருத்தினார். ஒரு பல்லும் தவறாமல் உட்கார்ந்தது. கழற்றினார். மறுபடி பொருத்தினார். பொம்மை கிடைத்த பிள்ளைபோல நான்கு தடவை செய்தார். பிறகு சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தார். சரி போடப் போனவர் நின்றுவிட்டார்.

"ஒரு துப்பாக்கியை இரண்டாக எழுதியது யார்?"

இன்ஸ்பெக்டர் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் சாங்கிக்கு ஆள் அனுப்பிக் கேட்காமல் குரோகி சரி போடமாட்டார். ஆள் போய் வருவதற்குள் லாரி கிளம்பிவிடும். கடிகாரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

"நான்தான் ஐயா. துறைமுகப் பதிவு என் கையெழுத்து. அது என் ஊர் முத்திரை. பார்த்த சந்தோஷத்தில் குழலைப் பார்க்கவில்லை."

குரோகி எழுந்தார். ஒரே அறை. விஸ்வலிங்கத்தின் மூக்குக்கண்ணாடி ஒலி முகம்மதின் காலடியில் போய் விழுந்தது. குரோகி உட்கார்ந்து 417 என்ற வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். பக்கத்தில் தேதி போட்டார். அப்படியே நிமிர்ந்து, கோபம் போன குரலில் கேட்டார்.

"வரைபடம் போடுகிறவன், கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்கு வரும்போது துப்பாக்கியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தான்?"

"தெரியாது ஐயா."

"வருஷா வருஷம் நீதானே கையெழுத்துப் போட்டாய்? கேட்கவில்லையா?"

"படிவத்தில் 'சொந்தப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் கேட்க இடமில்லை."

குரோகி கையை வீசினார். போ என்று அர்த்தம். வெளியே லாரி வெறுமனே கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

ஒலி முகம்மது வாசலில் விடைபெற்றுக்கொண்டார். ஏரம்பமூர்த்தி நான்கு நாள் தாடியோடு வெளியே வந்தார். கெர்பாவ் ரோட்டை நோக்கி இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கன்னம் வீங்கிக் கிடக்கு?"

"பிழையாப் பதிஞ்சதுக்கு. அதை விடும். ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். ஒன்பது வருசமா மண்டையைக் குடையுது. அந்தத் துவக்கை என்னத்துக்கு இஞ்ச கொண்டந்தனீர்?"

ஏரம்பமூர்த்தி வெட்கத்தோடு சிரித்தார்.

"அது என்ர அப்புவின்ர. விதானையார், ஊர்த் தலைவரா இருந்தவர், ஊர்க் காவலுக்கு வச்சிருந்தது. அவர் செத்த நேரம் நான் லீவில ஊரில நிண்டனான். ஒரு மாசத்துக்குள்ள ஆரின்ர பேரிலயாவது லைசென்ஸ் எடுக்க வேணும், இல்லாட்டிக் குடுத்துப்போட வேணும் எண்டு கச்சேரியில சொல்லிப்போட்டாங்கள். அப்புவின்ர பொருளைக் குடுக்க அம்மா விடேல்லை. அழுதவ. சரி எண்டு என்ர பேரில எடுத்தன்."

"எடுத்து வீட்டில வச்சிட்டு வந்திருக்கலாமே?"

"அதுதானே சிக்கல்! லைசென்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. நான் கப்பல் ஏறின அந்த நிமிசமே துவக்கு அம்மாவின்ர கையில. அவவுக்கு லைசென்ஸ் இல்லை. என்ர அம்மாவைக் குற்றவாளி ஆக்கிப்போட்டு நான் வாறதோ? சட்டத்துக்குப் பயந்துதான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

விஸ்வலிங்கம் நடுரோட்டில் நின்றுவிட்டார். அறை வாங்கிய கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தார். ஏரம்பமூர்த்தி சிரிக்கவில்லை. ஏதோ நினைத்துக் கலங்கியவர்போலக் கேட்டார்.

"இப்ப அது ஆரின்ர பேரில கிடக்கு அண்ணை?"

"ஜூரோங்கில ஒலி முகம்மது எண்டவரின்ர பேரில."

"எழுத்தில கிடக்கோ? லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கோ?"

"எல்லாம் ஒழுங்கு. நானே பாத்தனான்."

"குழல் நம்பர் தானே போட்டிருக்கு?"

"குழல் நம்பர்தான்."

ஏரம்பமூர்த்தி நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சரி" என்றவர், பூரணம் வாசலில் நிற்பதைக் கண்டதும் எட்டி நடக்கத் தொடங்கினார்.